வானிலிருந்து இறங்கிய வைத்தியர்

காந்தியடிகள், நேதாஜி, பாரதியார் ஆகியோரின் வரலாற்றை நம் பிள்ளைகள் பரிசளிப்பு விழா மேடையில் மூச்சு விடாமல் ஒப்புவிக்கக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இந்த ஆண்டு மலருக்கு வேறொரு பெயரை எடுத்துக்கொண்டோம். இந்திய ராணுவத்தில் வான்குடை கட்டிக் குதிக்கும் எவரிடமும் இந்தப் பெயரைச் சொன்னால் போதும், தெரிந்துகொள்வார்கள். கொரிய நாட்டில் இவருக்கு அரசாங்க மரியாதையே நடந்திருக்கிறது. நம் தோட்டப்புறங்களில்தான் அதிகம் பேசப்படவில்லை. அவர்தான் லெப்டினன்ட் கர்னல் டாக்டர் ஏ. ஜி. ரங்கராஜ்.

பெயருக்கு முன்னால் நிற்கும் "ஏ" என்ற எழுத்து ஆற்காட்டைக் குறிக்கும். சுங்காய் வட்டாரத்துத் தோட்டங்களில் வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள், எங்க பாட்டன் வடாற்காட்டிலிருந்து கப்பலேறி வந்தவர், தென்னாற்காட்டிலிருந்து வந்தவர் என்று சொல்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அந்தச் சீமையின் பெயரைத் தம் பெயரோடு சுமந்துகொண்டு, ஒருவர் ஆகாயத்திலிருந்து போர்க்களத்தில் குதித்தார். குதிக்கும்போது அவர் கொண்டுபோனது நோயாளிகளுக்கான கத்தியும் கட்டுத்துணியும்.

கொரியாவில் நடந்த சண்டைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. 1949-இல் ராத்தல் நாற்பது காசுக்கும் கீழே கிடந்த கித்தா விலை, 1950 ஜூன் 25-இல் அங்கே சண்டை மூண்டதும் கிடுகிடுவென்று ஏறி, 1951 தொடக்கத்தில் இரண்டு வெள்ளியைத் தாண்டியது. வண்டிச் சக்கரத்துக்கும் விமானச் சக்கரத்துக்கும் ரப்பர் வேண்டுமல்லவா! கொரியச் சண்டை காலத்து விலை என்று அந்நாளைய மரவெட்டுக்காரர்கள் நெடுநாள் பேசிக்கொண்டிருந்தார்கள். விலை ஏறியதை மட்டும் நாம் நினைவில் வைத்துக்கொண்டோம். அங்கே பனியில் விறைத்துக் கிடந்த மனிதர்களுக்கு யார் கட்டுப் போட்டார்கள் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டாமா?

அதற்கு முன்பாக 1941-க்குப் போவோம். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. வானிலிருந்து படையை இறக்கும் வித்தையை ஜெர்மனி காட்டிவிட்டது. உடனே பிரிட்டிஷ் அரசு இந்தியாவிலும் அப்படியொரு படையை உண்டாக்க முடிவு செய்தது. அந்த ஆண்டு அக்டோபரில் டில்லியில் 50-ஆவது இந்தியப் பாரசூட் பிரிகேட் தொடங்கியது. வெள்ளைக்காரர்களுக்கு 151, இந்தியர்களுக்கு 152, கூர்க்காக்களுக்கு 153 என்று மூன்று பட்டாளங்கள் அமைந்தன. இந்தியப் பட்டாளத்தின் மருத்துவ அதிகாரியாகச் சேர்ந்தவர்தான் இளைஞர் ரங்கராஜ். அப்போது அவர் வெறும் லெப்டினன்ட்.

பட்டாளத்து டாக்டர் கூடாரத்தில் உட்கார்ந்து மருந்து கொடுத்தால் போதாதா, அவர் எதற்குக் குதிக்க வேண்டும் என்று தோன்றும். நம் தோட்டத்து டிரசரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி ஆபீசுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் தீம்பாரில் ஒருவரைப் பாம்பு கடித்துவிட்டால் டிரசர்தான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். வான்படைக்காரன் எதிரியின் முதுகுப்புறத்தில் இறங்குகிறவன். அங்கே ரோடு கிடையாது, ஆம்புலன்ஸ் வராது. டாக்டரும் அவனோடு குதித்தால்தான் உண்டு.

ரங்கராஜ் குதித்தார். அவரும் ஹவில்தார் மேஜர் மதுரா சிங் என்பவரும்தான் இந்தியப் படையில் முதன்முதலாக வான்குடையில் இறங்கிய இந்தியர்கள் என்று படை வரலாறு பதிவு செய்திருக்கிறது. வெள்ளை அதிகாரிகள் சிலர் அதற்குச் சற்று முன்னால் கராச்சியில் குதித்துக் காட்டியிருந்தார்கள். நம்மவர்களால் இது ஆகுமா என்று முணுமுணுத்த காலம் அது. ஒரு டாக்டரே முன்னால் வந்து குதித்தபோது, பின்னால் நின்ற சிப்பாய்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!

அந்தக் காலத்து ஏற்பாடுகளைக் கேட்டால் இன்றைக்கு வயிறு கலங்கும். வேலன்ஷியா என்ற பழைய இரட்டைச் சிறகு விமானம். அதன் தரையில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியாகத்தான் ஒவ்வொருவராக இறங்க வேண்டும். ஆரம்பத்தில் பயிற்சிக்குக் கிடைத்த வான்குடைகளும் விரல் விட்டு எண்ணக்கூடியவை. எல்லாவற்றுக்கும் மேலே, பிரிட்டிஷ் முறையில் குதித்தவர்களுக்கு மாற்றுக்குடை கிடையாது. முதுகில் ஒன்று, அவ்வளவுதான். அது விரியாவிட்டால் கதை முடிந்தது. அமெரிக்கர்கள் மார்பிலே இன்னொரு குடையைக் கட்டிக்கொண்டு குதித்தார்கள். பிரிட்டிஷ் படை அந்த நல்ல பழக்கத்துக்கு வருவதற்குள் போர் முடிந்து பத்து ஆண்டுகள் ஓடிவிட்டன. செலவையும் கனத்தையும் கணக்குப் பார்த்தார்கள். உயிரையும் அந்தக் கணக்கில் சேர்த்திருக்கலாம்.

வான்குடை எப்படி விரிகிறது என்பதைப் பிள்ளைகளுக்காகச் சொல்ல வேண்டும். குதிப்பவர் கையால் எதையும் இழுப்பதில்லை. அவர் முதுகிலுள்ள பையிலிருந்து ஒரு நாடா விமானத்தில் மாட்டப்பட்டிருக்கும். ஆள் கீழே விழ விழ நாடா விறைத்து, பையைப் பிரித்து, குடையை வெளியே இழுத்துவிட்டு அதிலிருந்து விடுபடும். பிரிட்டிஷ் குடையில் முதலில் கயிறுகள் நீண்டு, அதன் பிறகே துணி காற்றைப் பிடித்து விரியும். அதனால் உடம்பு வாங்கும் குலுக்கல் குறைவு. குடை விரிந்த பிறகும் மெதுவாக மிதந்து வந்து மலர் போல உட்காரலாம் என்று நினைத்துவிடாதீர்கள். பத்துப் பன்னிரண்டு அடி மதில்மேலிருந்து குதிக்கிற வேகத்தில்தான் பூமி வந்து மோதும். இரண்டு காலையும் ஒட்டி வைத்து, முழங்காலை லேசாக மடக்கி, பக்கவாட்டில் உருண்டுவிட வேண்டும். காலை அகட்டி வைத்தவன் கணுக்காலை முறித்துக்கொள்வான்.

இதிலே பெரிய பொறுப்பு குடையை மடிக்கிறவருடையது. யாரும் அவரைப் பாராட்டிக் கைதட்டுவதில்லை. நீண்ட மேசையில் துணியை விரித்து, கிழிசல் உண்டா என்று பார்த்து, ஒவ்வொரு மடிப்பாக மடித்து, கயிறுகள் ஒன்றோடொன்று பின்னாதபடி வளைத்து வைக்க வேண்டும். மடித்தவர் யார், மடித்த தேதி என்ன என்பது அந்தக் குடைக்குரிய அட்டையில் ஏறும். துணியில் ஈரம் இருக்கக் கூடாது. உயரமான கொட்டகையில் தொங்கவிட்டு உலர்த்தியே மடிப்பார்கள். ரப்பர் தாள்களைப் புகைக்கூண்டில் தொங்கவிட்டுப் பழகிய நமக்கு இது எளிதில் விளங்கும். ஈரத்தோடு எடுத்தால் நம் தாளில் பூசணம் பூக்கும், விலை குறையும். குடையில் பூத்தால் ஓர் ஆள் போய்விடுவான்.

எந்தக் குடை எதற்கு என்பதிலும் கவனம் வேண்டும். 1944-இல் பர்மாப் போர்முனையில் தளபதி ஸ்லிம் அவர்களுக்கு உணவும் குண்டும் இறக்கப் போதிய குடைகள் கிடைக்கவில்லை. அவர் கல்கத்தாவின் சணல் ஆலைக்காரர்களிடம் சொல்லிச் சணலிலேயே குடை நெய்ய வைத்தார். பட்டுக்குடை இருபது பவுனுக்கு மேல் விலை. சணல்குடை ஒரு பவுனுக்குச் சற்றுக் கூட. அரிசி மூட்டைக்கு அது போதும். நூற்றுக்குப் பதினைந்து சரியாக வேலை செய்யாவிட்டாலும் மூட்டைதானே உடையும்! ஆனால் மனிதனை அதில் தொங்கவிட ஸ்லிம் ஒருநாளும் சம்மதிக்கவில்லை.

நம் பேராக் மாநிலத்துக் காடும் இந்த விஷயத்தில் ஒரு பாடம் கற்றுக்கொடுத்திருக்கிறது. அவசரகாலத்தில், 1952 பிப்ரவரியில், மேல் பேராக் பெலும் பள்ளத்தாக்கில் ஐம்பதுக்கு மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் வான்குடையில் இறக்கப்பட்டார்கள். இடம் குறுகலாக இருந்ததால் பலரும் மரத்தின்மேல் விழுந்து தொங்கினார்கள். பெரிய அடியில்லாமல் தப்பித்ததும், வேண்டுமென்றே காட்டு மரங்களின்மேல் குதித்துக் கயிறு கட்டி இறங்கலாமே என்று ஒரு முறையை வகுத்துவிட்டார்கள். 1954-இல் ஈப்போவுக்குக் கிழக்கேயுள்ள காடுகளிலும் அப்படிக் குதித்தார்கள். நூற்றைம்பது, இருநூறு அடி மரங்கள்! கிளை முறிந்தும் கயிற்றில் சிக்கியும் ஆள் செத்து, பலருக்கு எலும்பு முறிந்த பிறகே அந்த முறையைக் கைவிட்டார்கள். ஒரு தடவை தப்பியதை வைத்து ஓர் ஆபத்தைப் பத்திரம் என்று கணக்குப் போட்டதால் வந்த வினை. மரத்தைத் தெரிந்த நம் ஆட்களில் ஒருவரைக் கேட்டிருந்தால் முதல்நாளே சொல்லியிருப்பார்.

இனி நம் டாக்டரிடம் திரும்புவோம். இந்தியா விடுதலை பெற்றது. 1950-இல் ஐக்கிய நாடுகள் சபை கொரியாவுக்குப் படை கேட்டபோது, பிரதமர் நேரு சண்டைப் படை அனுப்பச் சம்மதிக்கவில்லை. மருத்துவப் படை அனுப்புவதாகச் சொன்னார். அப்படிப் போனதுதான் 60-ஆவது பாரசூட் மருத்துவப் படை. மொத்தம் முந்நூற்று நாற்பது பேருக்கு மேல். தலைவர், இப்போது லெப்டினன்ட் கர்னலாக உயர்ந்துவிட்ட ரங்கராஜ். 1950 நவம்பர் 20-இல் பூசான் துறைமுகத்தில் இறங்கினார்கள். வெயில் நாட்டுக்காரர்களுக்கு அந்தக் குளிர் எப்படி இருந்திருக்கும்! ரத்தப் புட்டியும் மருந்தும் உறைந்துபோகாமல் காப்பாற்றுவதே ஒரு வேலை.

அவர்கள் வடக்கே பியோங்யாங் நகரம் போய்ச் சேர்ந்த நேரம், போர் தலைகீழாக மாறியிருந்தது. சீனப் படை பெருவெள்ளம்போல் இறங்க, ஐ. நா. படை தெற்கு நோக்கிப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. லாரி கிடையாது. சாமான்களை விட்டுவிட்டு, அல்லது கொளுத்திவிட்டு, ஆட்கள் மட்டும் வரும்படி உத்தரவு வந்தது. அறுவை மேசை, கருவிகள், மருந்துப் பெட்டிகள், கூடாரங்கள் எல்லாம் இந்தியாவிலிருந்து அவ்வளவு தூரம் கொண்டு வந்தவை. அவற்றை விட்டுவிட்டால் முந்நூற்றுச் சொச்சம் பேரும் வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான். கருவியில்லாத டாக்டரைச் சண்டைக்களத்தில் வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது?

ரங்கராஜ் விட மறுத்தார். ரயில்வே ஸ்டேஷனில் கைவிடப்பட்ட ஒரு நீராவி எஞ்சினும் சில பெட்டிகளும் கிடப்பதை அவருடைய ஆட்கள் கண்டுபிடித்தார்கள். எஞ்சின் ஓட்டத் தெரிந்தவர்கள் படையிலேயே இருந்தார்கள். தண்ணீருக்குத்தான் வழியில்லை. பாய்லரை நிரப்பாமல் நீராவி ஏது? எல்லாரும் வரிசையாக நின்று வாளி வாளியாகக் கைமாற்றி ஊற்றினார்கள். டாக்டர், சிப்பாய், சமையல்காரர் என்ற பேதம் அந்த வரிசையில் இருந்திருக்காது. நெருப்பு மூட்டி, ஒரு பெட்டி மருந்தையும் விடாமல் ஏற்றி, எதிரி நகரத்துக்குள் நுழைவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. ஆற்றுப் பாலத்தை அவர்கள் கடந்த சற்று நேரத்தில் பாலம் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. நடந்தது 1950 டிசம்பர் முதல் வாரம். ரயில் சியோல் போய்ச் சேர்ந்தது.

அவருடைய வாழ்க்கையில் எதைப் படிக்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால், வானத்திலிருந்து குதித்ததைவிட இந்த வாளி வரிசையைத்தான் நான் முதலில் காட்டுவேன். அடுத்த மூன்று ஆண்டுகளில் அந்தப் படை பார்த்த வைத்தியம் முழுவதும் அன்றைக்கு மீட்ட பெட்டிகளிலிருந்து தொடங்கியது.

தெற்கே வந்த பிறகு படை இரண்டாகப் பிரிந்தது. மேஜர் பானர்ஜி தலைமையில் ஒரு பகுதி தேகு நகருக்குப் போய், அங்கே கொரிய மக்களுக்கும் வைத்தியம் பார்த்தது. ரங்கராஜ் மற்றப் பகுதியோடு காமன்வெல்த் பிரிகேடின் பின்னால் போர்முனையிலேயே இருந்தார்.

அடுத்த ஆண்டு, 1951 மார்ச் 23, பெரிய வெள்ளிக்கிழமை. சியோலுக்கு வடக்கே முன்சான் என்ற ஊர்ப்பக்கம் அமெரிக்காவின் 187-ஆவது வான்படை குதிக்க ஏற்பாடு. டாமஹாக் நடவடிக்கை என்று பெயர். ஏறத்தாழ மூவாயிரத்து நானூறு பேர். அவர்களோடு அறுவை மருத்துவம் செய்ய ஒரு குழு வேண்டியிருந்தது. ரங்கராஜ் தம்மோடு பதினொரு பேரைச் சேர்த்துக்கொண்டு பன்னிரண்டாவது ஆளாகத் தாமே விமானம் ஏறினார். தலைவர் என்று பின்னால் இருந்து உத்தரவு போட்டிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

டில்லியில் ஓட்டை வழியாகக் குதித்த நாளிலிருந்து பத்து ஆண்டு ஆகிவிட்டது. ஆயினும் சட்டம் அதேதான். விமானம் ஏறும் முன் கட்டுகளைத் தடவிப் பார்க்க வேண்டும். ஒவ்வொருவரும் முன்னால் நிற்பவர் முதுகைப் பார்க்க வேண்டும். நாடா கம்பியில் மாட்டியிருக்கிறதா என்று பார்த்து, பார்த்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உயர்ந்த அதிகாரி என்றாலும் விதிவிலக்கில்லை. அன்றைக்குச் சில விமானங்கள் தவறான இடத்தில் ஆட்களை இறக்கிவிட்டன. விழுந்த வேகத்திலேயே கால் முறிந்தவர்களும் உண்டு, குண்டடி பட்டவர்களும் உண்டு. இந்தியக் குழு இறங்கிய இடத்திலேயே கடை விரித்தது. தோட்டா எடுப்பது, ரத்தம் நிறுத்துவது, முறிந்த எலும்புக்குக் கட்டுப் போடுவது என்று நேரம் போனது தெரியாமல் வேலை. மரூன் தொப்பி அணிந்த இந்த வைத்தியர்களை அமெரிக்கச் சிப்பாய்கள் மறக்கவில்லை. மரூன் தேவதைகள் என்று அவர்களுக்கு ஒரு பெயரும் வந்தது.

1954-இல் அந்தப் படை நாடு திரும்பியபோது ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேருக்கு வைத்தியமும், 2,300-க்கு மேற்பட்ட அறுவைச் சிகிச்சையும் செய்திருந்தது. ரங்கராஜுக்கும் பானர்ஜிக்கும் மகாவீர் சக்கரம் கிடைத்தது. வீரத்துக்காக இந்தியா தரும் விருதுகளில் இரண்டாவது பெரியது அது. படையில் இன்னும் ஆறு பேர் வீர் சக்கரம் பெற்றார்கள். 1955-இல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் அந்தப் படைக்கே ஒரு கோப்பை வழங்கினார்.

விருது வாங்கியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடவில்லை. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றபின் உலகச் சுகாதார நிறுவனத்தில் சேர்ந்து, 1969 முதல் ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்பு வேலையில் ஆலோசகராக இருந்தார். மலைப்பாதை, பனி, கோவேறு கழுதைச் சவாரி. அங்கே பழைய முறையில், அம்மை கண்டவரின் புண்ணிலிருந்து எடுத்து நல்லவர் உடம்பில் குத்தும் நாட்டு வைத்தியர்கள் இருந்தார்கள். பாதுகாப்பு என்று நம்பித்தான் குத்தினார்கள். ஆனால் அதிலிருந்தே நோய் பரவியது. அதை நிறுத்தி முறையான தடுப்பூசிக்கு மக்களைக் கொண்டுவருவது லேசான காரியமில்லை. பெண்களைப் பிற ஆண்கள் தொடக்கூடாது என்ற ஊர்களில் அது இன்னும் கடினம். 1972-இல் அந்நாட்டில் பெரியம்மைத் தொடர் அறுந்தது. 1980-இல் உலகத்திலேயே அந்நோய் இல்லையென்று அறிவித்தார்கள். நம் வீட்டில் தாத்தா பாட்டியின் புஜத்தில் அம்மை குத்திய தழும்பைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் கையில் அது இல்லாததற்குக் காரணமான ஆயிரக்கணக்கானோரில் இவரும் ஒருவர்.

டாக்டர் ரங்கராஜ் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. சண்டை தொடங்கி எழுபது ஆண்டு நிறைந்த 2020-இல், ஜூலை மாதத்தின் கொரியப் போர் வீரராகத் தென் கொரிய அரசு அவரைத் தேர்ந்தெடுத்துப் படத்தோடு அறிவித்தது. சுடப்போகாமல் காப்பாற்றப் போனவருக்கு அந்த மரியாதை. 2021 மார்ச்சில் டில்லி கன்டோன்மெண்டில் இந்திய-கொரிய நட்புறவுப் பூங்கா திறந்தபோது, 60-ஆவது படையின் வேலைகளை அங்கே கல்தூண்களில் செதுக்கி வைத்தார்கள்.

அந்தப் படை இப்போதும் ஆக்ராவில் இருக்கிறது. பெயர் மட்டும் 60 பாரா கள மருத்துவமனை என்று மாறியிருக்கிறது. 2023 பிப்ரவரியில் துருக்கியில் பூமி அதிர்ந்து நகரங்கள் சரிந்தபோது, தொண்ணூற்றொன்பது பேர் கட்டில், எக்ஸ்ரே கருவி, மருந்து என்று ஒன்று விடாமல் விமானத்தில் ஏற்றிக்கொண்டு போய், இஸ்கெண்டெருன் என்ற ஊரில் மருத்துவமனை திறந்து, இரண்டு வாரத்துக்குள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.